மதுரையை முன்பே பார்த்தவர்

மனிதர்களில் ‘முன்பே பார்த்தவர்’ என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நீங்கள் ஒரு புதிய ஊருக்குப் போய், அங்கே ஒரு கோபுரத்தையோ அருவியையோ கண்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறீர்கள் அல்லவா, அந்த நேரம் பார்த்து உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்கும். அவர்தான். “இது என்னங்க, நான் வந்தப்போ பாத்திருக்கணும்” என்பார். அவர் வந்தபோது அருவியில் தண்ணீர் அதிகம். கோபுரத்துப் பொம்மைகளுக்கு மூக்கும் முழியும் இருந்தன. ஊரில் வெயில்கூட இப்படி அடிக்கவில்லை. நீங்கள் பார்ப்பதெல்லாம் அவர் பார்த்துவிட்டுப் போன மிச்சம். எச்சில் இலையில் உட்கார்த்தி வைத்ததைப் போல உங்களுக்குக் கூசும். அவருக்குக் கூசாது.

இந்த இனம் காசியிலும் உண்டு, கன்னியாகுமரியிலும் உண்டு. ஆனால் மதுரையில் இது விளைகிற மாதிரி வேறெங்கும் விளைவதில்லை. ஏனென்றால் கல்யாணத்துக்கோ, கோர்ட்டுக்கோ, பரீட்சைக்கோ, சித்திரைத் திருவிழாவுக்கோ ஒரு தடவையாவது மதுரைக்கு வராதவன் தென் ஜில்லாக்களில் கிடையாது. ஒரு தடவை வந்துவிட்டால் போதாதா? அப்புறம் ஆயுசு பூராவும் அவன் மதுரைக்காரன்தான்.

மலையாண்டியும் அப்படித்தான் மதுரைக்காரர் ஆனார். பிறந்தது சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். உத்தியோகம் செங்கற்பட்டுத் தாலுகா ஆபீசில், தலைமைக் குமாஸ்தா. வாலிபத்தில் ஏதோ ஒரு சர்க்கார்ப் பரீட்சை எழுதுவதற்காக மதுரைக்கு வந்து தல்லாகுளத்தில் சில நாள் தங்கினார். பரீட்சையில் அவர் தேறினாரா என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் மதுரையில் தேறிவிட்டார். செங்கற்பட்டில் அவர் எதிரே யாராவது இட்லி சாப்பிட்டால் மதுரை இட்லியைப் பற்றிச் சொல்லுவார். யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு போனால் மதுரை மல்லிகையைப் பற்றிச் சொல்லுவார். அவருடைய மேலதிகாரி ஒரு தடவை லீவு போட்டுவிட்டு வடதேசமெல்லாம் சுற்றி, தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வந்து வர்ணித்தபோது, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்து, கடைசியில் “பொற்றாமரைக் குளம் பாத்திருக்கீங்களா?” என்று ஒரே கேள்வி கேட்டார். அதிகாரி பார்த்ததில்லை. தாஜ்மகால் அத்தோடு படுத்துவிட்டது.

அவருடைய சம்சாரம் ரெங்கம்மாளும் மதுரையைப் பார்த்ததில்லை. இதில்தான் கதையே இருக்கிறது.

பார்த்ததில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. வருஷா வருஷம் சாத்தூருக்குப் போகிற வண்டி விடியற்காலையில் மதுரை ஸ்டேஷனில் நிற்கும். ரெங்கம்மாள் ஜன்னலோரம் வந்து கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். வீடுகளின் கூரைகளுக்கு மேலே கோபுரங்கள் நாலைந்து கறுப்பாகத் தெரியும். அங்கே, அதற்கு அடியிலே, மீனாட்சி இருக்கிறாள். ஒரு கூப்பிடு தூரம்தான். “ஒரு எட்டு எறங்கிக் கும்பிட்டுட்டுப் போயிருவோமே” என்பாள் ரெங்கம்மாள். மலையாண்டி சிரிப்பார். “மதுரை என்ன, வண்டி நிக்கிற நேரத்துல எறங்கிப் பாக்குற ஊரா? தனியா ஒரு நாள் வருவோம். ஒவ்வொரு கல்லா நானே காட்டுறேன்” என்பார். வண்டி ஊதிக்கொண்டு கிளம்பிவிடும். கல்யாணமான வருஷத்திலிருந்து இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வண்டி இப்படியே ஊதிக்கொண்டு கிளம்பியது. இதற்கு நடுவில் ரெங்கம்மாளுக்கு இரண்டு பெண்கள் பிறந்து, அவர்களுக்கும் கல்யாணமாகி, மூத்தவள் தன் புருஷனோடு போய் மதுரையைப் பார்த்துவிட்டே வந்துவிட்டாள். “நீ இன்னும் பாக்கலையாம்மா?” என்று அவள் கேட்டது ரெங்கம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவள் ஒரு காரியம் செய்தாள். செங்கற்பட்டு ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவியைப் பிடித்து விசாரித்து, ஒரே டிக்கெட்டில் நடுவழியில் இறங்கி, பிறகு வேறு வண்டியில் ஏறிப்போகலாம், அதற்குப் பெயர் ‘பிரேக் ஜர்னி’ என்று தெரிந்துகொண்டாள். அந்த வருஷம் வண்டி மதுரையில் வந்து நின்றதும், மலையாண்டி கண்ணைத் திறப்பதற்கு முன்னால், டிரங்குப் பெட்டியும் மூட்டையும் கூஜாவும் பிளாட்பாரத்தில் இருந்தன. அவற்றின் மேல் ரெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் மலையாண்டியும் இறங்கினார்.

ஸ்டேஷன் வாசலிலேயே வழிகாட்டி மொக்கையன் பிடித்துக்கொண்டான். தோளில் சிவப்புத் துண்டு, கையில் ஒரு பிரம்பு. கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டி, சாயங்கால வண்டிக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவதாகச் சொன்னான். மதுரையை முன்பே பார்த்தவருக்கு வழிகாட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வழி தெரியாதவன் வழிகாட்டியை வைத்துக்கொள்வது தெரிந்துகொள்வதற்காக. தெரிந்தவர் வைத்துக்கொள்வது திருத்துவதற்காக. திருத்துவதற்கு ஆள் இல்லாமல் அவர் எப்படி ஊர் சுற்றுவார்? மலையாண்டி மொக்கையனை உடனே அமர்த்திக்கொண்டார்.

சத்திரத்தில் குளித்துவிட்டுப் புறப்படும்போது ரெங்கம்மாள் மொக்கையனைத் தனியாகக் கேட்டு ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொண்டாள். உச்சிப் பூசை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள்; பிறகு சாயங்காலம்தான் திறப்பார்கள் என்றான் அவன். அவர்களுடைய வண்டியும் சாயங்காலம். ஆகவே காலையில் பார்த்தால் உண்டு. இல்லாவிட்டால் மறுபடியும் கூரைக்கு மேலே கோபுரம்தான். அவள் இடுப்பில் செருகியிருந்த கற்பூரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

மலையாண்டி வேகமாக நடக்கவில்லை. டவுன் ஹால் ரோடு முழுக்க அவர் நின்று நின்று வந்தார். இந்த இடத்தில் அப்போது ஒரு புளியமரம் இருந்தது. இந்தக் கடையில் அப்போது வேறு கடை இருந்தது. இந்த வீதி அப்போது அகலம். யாரோ பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். ஒரு முழம் பூ வாங்கவும் அவர் விடவில்லை. “இதெல்லாம் மல்லியா?” என்று பூக்காரியிடமே கேட்டார். பூக்காரி பதிலுக்கு ஏதோ சொன்னாள். அதை எழுத முடியாது.

கோயிலைச் சுற்றிக்கொண்டு கீழைவாசலுக்கு வந்து, அஷ்டசக்தி மண்டபத்தில் நுழைந்தார்கள். அம்மன் சன்னதிக்கு நேரான வழி அது. நேராக நடந்தால் கொஞ்ச நேரத்தில் மீனாட்சி. ஆனால் மொக்கையன் பிரம்பைத் தரையில் ஊன்றினான், கண்ணை மூடினான், தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

“ஆதியில இது கடம்பவனம்ங்கய்யா.”

இங்கே மொக்கையனின் தொழில்முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் கோயிலின் கதையை யாரிடமோ பாடம் கேட்டு நெட்டுருப் போட்டவன். முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சாகச் சொல்லத் தெரியும். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் போச்சு. எந்த இடத்தில் விட்டான் என்பது அவனுக்கே தெரியாது. மறுபடியும் ஆதியிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும். இன்னொன்று: கதையில் எந்த இடம் வந்தால் எந்த மண்டபத்துக்கு நகர வேண்டும் என்றும் அவனுக்கு வகுத்துவைத்திருந்தது. தடாதகைப் பிராட்டி, அதாவது மீனாட்சி, யாக குண்டத்தில் பிறக்கும்போதுதான் அஷ்டசக்தி மண்டபத்தைவிட்டு அடி எடுத்து வைப்பான். அதற்கு முன்னால் வைக்கமாட்டான். அவனையும் மலையாண்டியையும் ஒரே மண்டபத்தில் கொண்டுவந்து நிறுத்திய விதியை என்னவென்பது?

கடம்பவனத்தில் இந்திரன் வந்து சாமி கும்பிட்டான். “இந்திரன் இருக்கட்டும்” என்றார் மலையாண்டி. “இந்த எடத்துல ஒரு வளையல்காரன் இருந்தானே, எங்க?” மொக்கையன் கண்ணைத் திறந்தான். வளையல்காரனைத் தனக்குத் தெரியாது என்றான். பிறகு கண்ணை மூடி, ஆதியில் இது கடம்பவனம் என்றான். இந்திரன் மறுபடி வந்தான். வியாபாரி தனஞ்சயன் வந்து, காட்டுக்குள்ளே வெளிச்சத்தைக் கண்டான். அந்தத் தூணில் இருந்த சிற்பத்தின் கை அப்போது உடையாமல் இருந்தது என்றார் மலையாண்டி. ஆதியில் இது கடம்பவனம். குலசேகர பாண்டியன் காட்டை வெட்டி ஊர் கட்டுகிறவரைக்கும் ஒரு தரம் கதை போயிற்று. அங்கே எரிந்த தீபத்தைப் பற்றி மலையாண்டிக்கு ஒரு சந்தேகம் வந்தது. காடு திரும்பவும் முளைத்துவிட்டது. இன்னொரு தரம் குலசேகரன் மகன் மலையத்துவசன் யாகமே வளர்த்துவிட்டான், தீ எழுந்தது, ரெங்கம்மாள் ஒரு காலைத் தூக்கிக்கூட வைத்துவிட்டாள். அப்போது மலையாண்டி மேலே அண்ணாந்து பார்த்து, கூரையில் இருக்கிற வர்ணம் புதுசு என்றார்.

சனங்கள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் போனார்கள், கிழவர்கள் போனார்கள், ஒரு கல்யாணக் கூட்டம் மேளத்தோடு போயிற்று. ரெங்கம்மாள் இரண்டு தடவை “நேரமாகுது” என்று சொல்லிப் பார்த்தாள். அதையும் மொக்கையன் ஒரு குறுக்கீடாக எடுத்துக்கொண்டு ஆதிக்குப் போனதால் வாயை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து மணிச்சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது. இருபது வருஷம் ரயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு, வாசலில் வந்து நின்றுகொண்டு அழுவதா என்று கோபமும் வந்தது.

பக்கத்தில் கருமாத்தூர்ப் பக்கத்துக்காரி ஒருத்தி எண்ணெய்த் தூக்கோடு போனவள் நின்று பார்த்தாள். தங்கப்பொண்ணு என்று பெயர். கிணற்றில் தண்ணீர் ஊறினால் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதாக நேர்ந்துகொண்டு வந்தவள்.

“என்னக்கா நிக்கிறீக? நடை சாத்தப் போறாக. வாரீகளா?”

ரெங்கம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் மொக்கையனுக்கு வைகையில் அந்தக் காலத்தில் ஓடிய தண்ணீரைக் கையால் அளந்து காட்டிக்கொண்டிருந்தார். அவள் தங்கப்பொண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

இருட்டு மண்டபம் ஒன்று, குளத்தங்கரை, கிளிகள் கத்துகிற ஓர் இடம் என்று என்னென்னவோ வந்து போயின. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. கூட்டம் அவளை நெருக்கித் தள்ளிக்கொண்டுபோய் ஓர் இடத்தில் நிறுத்தியது. தீபாராதனை காட்டினார்கள். அங்கே, அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னவளாய், கையில் கிளியோடு, பச்சைப் பட்டில் மீனாட்சி நின்றுகொண்டிருந்தாள். சமைந்த பெண்ணின் உயரம்தான் இருப்பாள். இப்போதுதான் எழுந்து வந்து நிலைப்படியில் நின்று, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பவளைப் போல இருந்தாள். ரெங்கம்மாள் வேண்டிக்கொள்ளப் பெரிய பட்டியலே வைத்திருந்தாள். எல்லாம் மறந்துபோயிற்று. “வந்துட்டேன்” என்று மட்டும் சொன்னாள். கற்பூரத்தைக் கொடுத்தாள், குங்குமத்தை நெற்றி நிறைய வைத்துக்கொண்டாள், பிரசாதப் பூவைத் தலையில் செருகிக்கொண்டாள். அவர்கள் வெளியே வருவதற்கும் நடை சாத்துவதற்கும் சரியாக இருந்தது.

அவள் அஷ்டசக்தி மண்டபத்துக்குத் திரும்பியபோது இந்திரன் ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து வந்தவர்கள் நடை சாத்தியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். மொக்கையனுக்கு முகம் விழுந்துவிட்டது. மலையாண்டிக்கு விழவில்லை. உங்களுக்குத்தான் இந்த இனத்தைத் தெரியுமே, அது எதற்கும் அசராது. அவர் சம்சாரத்தின் பக்கம் திரும்பி ஆறுதல் சொன்னார்.

“சரி விடு ரெங்கம்மா. இப்பக் கூட்டத்துல என்ன தெரியும்? நான் சொல்றேன் கேளு. ஆளைவிட ஒசரமா, தங்கக் கவசம் போட்டு, சிங்காசனத்துல உக்காந்திருப்பா பாரு...”

ரெங்கம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“உக்காந்தா இருப்பா?” என்றாள்.

“பின்னே?”

“நின்னுக்கிட்டில்ல இருக்கா.”

மலையாண்டி அன்றைக்கு முதல் தடவையாகத் தன் எதிரே இருந்த ஒன்றை நன்றாகப் பார்த்தார். சம்சாரத்தின் நெற்றி நிறையக் குங்குமம் இருந்தது. தலையில் அவர் வாங்கிக் கொடுக்காத பூ இருந்தது. எப்போது போனாய் என்று கேட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் கடம்பவனத்துல இருக்கையில” என்றாள் ரெங்கம்மாள்.

 அவர் மேல்துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். மொக்கையன் கொஞ்சம் தள்ளிப்போய் ஒரு தூணை ஆராய ஆரம்பித்தான். மலையாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எனக்கு அன்னைக்கும் சாத்துன நடைதான் ரெங்கம்மா. தங்கியிருந்த நாளெல்லாம் படிப்பு, கடைசி நாள் பரீட்ச முடிஞ்சு ஓடியாந்தேன். வண்டிக்கு நேரமாச்சு. ஊருல போயி பாக்கலன்னு எப்படிச் சொல்றது?”

பார்த்தேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மதுரை ஸ்டேஷனில் இறங்காமல் இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது. உள்ளே போனால் வழி தெரியாது, எந்தப் பக்கம் திரும்புவது என்று சம்சாரம் கேட்டால் முழிக்க வேண்டும். பாவம், இருபது வருஷமாக அந்த மனிதர் வண்டியில் உட்கார்ந்து சிரித்ததெல்லாம் பயத்தில் சிரித்தது. ரெங்கம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் கூடவே அவர் மேல் இரக்கமும் வந்து கோபத்தைக் கெடுத்துவிட்டது.

“சாயங்கால வண்டி போனாப் போகுது” என்றாள். “ராத்திரி வண்டி இருக்கில்ல.”

நடை திறக்கிறவரைக்கும் பொழுது போக வேண்டுமே என்று மொக்கையன் அவர்களை ஜட்கா வண்டியில் ஏற்றி நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போனான். மகாலில் அப்போது ஜில்லாக் கோர்ட்டு நடந்துகொண்டிருந்தது. கட்சிக்காரர்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் பெரிய பெரிய தூண்களுக்கு அடியில் குந்தியிருந்தார்கள். இதுவே காலையாக இருந்தால் மலையாண்டி அந்தத் தூண் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தம் வைத்திருப்பார். இப்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். தன் ஆயுசில் முதல் தடவையாக யாரும் குறுக்கே விழாமல் மொக்கையன் கதையைக் கடைசிவரை சொல்லி முடித்தான். முடித்துவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தான். கடைசியில் தனக்குத் தலைவலிக்கிறது என்று சொல்லி, அவர்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டுவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் நடை திறந்தது. இந்தத் தடவை முன்னால் நடந்தவள் ரெங்கம்மாள். மலையாண்டி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளையைப் போலப் பின்னால் போனார். எங்கே திரும்புவது என்று கேட்டார். கேட்டுக் கேட்டு நடந்தார். மதுரையில் அவர் கேட்ட முதல் வழி அதுதான். சன்னதியில் கூட்டம் அவரை முன்னால் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியது. திரை விலகியது. விளக்கு வெளிச்சத்தில் மீனாட்சி நின்றுகொண்டிருந்தாள்.

மலையாண்டிக்குக் கை தானாகத் தலைக்கு மேலே போயிற்று.  இட்லி, மல்லிகை, வைகைத் தண்ணீர் எல்லாம் எங்கே போயினவோ தெரியாது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசைக்குள் போனது. அதைத் துடைக்க வேண்டுமென்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு முகத்தை இத்தனை வருஷத்தில் ரெங்கம்மாள் பார்த்ததே இல்லை.  மெல்ல அவர் பக்கம் நகர்ந்தாள். அவர் காதருகே குனிந்தாள்.

“காலைல பச்சப்பட்டு கட்டியிருந்தா. அதுல இன்னும் லெட்சணம்” என்றாள். “இப்ப வெளக்கும் கொஞ்சம் மங்கல்தான்.”

மலையாண்டி தலையை ஆட்டிக்கொண்டார். வேறென்ன செய்வார்?

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். மதுரை மீனாட்சியைக் கையில் கிளியோடு, நின்ற கோலத்தில், நீங்கள்தான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறீர்களே. அஷ்டசக்தி மண்டபத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்தபோதே, “இவன் சொல்கிறபடி இல்லை அது, நான் போயிருந்தபோது...” என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஆரம்பித்தீர்களா, இல்லையா? அவர் பாவம், இன்னும் மதுரைக்குப் போகாதவராக இருக்கலாம். கொஞ்சம் வழிவிட்டு நில்லுங்கள், அவரும் பார்க்கட்டும்.